சமையற்கட்டிலிருந்து பிராட்வேக்கு: எதெல் வாட்டர்ஸின் மேடை வாழ்க்கை

நியூயார்க் நகரின் மியூசிக் பாக்ஸ் அரங்கில் 1933 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் தேதி அரங்கேறிய 'ஆஸ் தௌசண்ட்ஸ் சியர்' என்ற இசை நிகழ்ச்சி, நாளேடு ஒன்றின் பக்கங்களைப் புரட்டுவது போல அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு ஒரு தலைப்புச் செய்தி தோன்றும். அதைத் தொடர்ந்து அந்தச் செய்தியை ஒட்டிய பாடலோ நகைச்சுவைத் துணுக்கோ இடம்பெறும். அரசியல்வாதிகள், செல்வச் சீமான்கள், திரை நட்சத்திரங்கள் எனப் பலரும் கேலிக்கு உள்ளான அந்த நிகழ்ச்சியில், ஒரு தலைப்பு மட்டும் சிரிப்பதற்கு உரியதாக இருக்கவில்லை. பெயர் தெரியாத கறுப்பின மனிதர் ஒருவர் வெறிகொண்ட கும்பலால் கொல்லப்பட்டார் என்பதே அந்தச் செய்தி.

அந்தத் தலைப்பின் கீழ் ஒரு பெண் மேடையில் தோன்றினார். இரவு உணவு வேளை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டும். அவர்களுடைய தந்தை இனி வீடு திரும்ப மாட்டார் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்தத் தாய் தவிக்கிறார். 'சப்பர் டைம்' என்ற இந்தப் பாடலை எழுதி இசையமைத்தவர் இர்விங் பெர்லின். பாடியவர் எதெல் வாட்டர்ஸ்.

அப்போது அவருக்கு வயது 36. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அவர் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் வாரம் 4 டாலர் 75 சென்ட் கூலிக்கு அறைகளைத் துப்புரவு செய்து கொண்டிருந்த பணிப்பெண். அந்த வேலையை விட்டு வெளியேறி அமெரிக்க மேடையின் உச்சிக்குச் சென்ற பின்னரும், நாடகமும் திரைப்படமும் அவருக்குத் திரும்பத் திரும்ப அளித்த வேடங்கள் சலவைக்காரியும் சமையற்காரியும் வீட்டு வேலைக்காரியுமே. அந்த வேடங்களை அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவரது கலை வாழ்க்கையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

செஸ்டரின் சந்துகளில்

எதெல் வாட்டர்ஸ் 1896 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். பதின்ம வயதுச் சிறுமியாக இருந்த அவரது தாய் லூயிஸ், வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டதன் விளைவாகப் பிறந்த குழந்தை அவர். இந்த உண்மை குடும்பத்தில் யாரும் மறக்க முடியாத நிழலாக நீடித்தது. மகளைக் காணும்போதெல்லாம் தனக்கு நேர்ந்த கொடுமை நினைவுக்கு வந்த அந்தத் தாயால் அவரை அரவணைக்க இயலவில்லை. அவரை வளர்த்தவர் பாட்டி சாலி ஆண்டர்சன். வெள்ளையர் வீடுகளில் தங்கி வேலை செய்து வந்த பாட்டிக்கும் பேத்தியுடன் இருக்கக் கிடைத்த நேரம் மிகக் குறைவு.

பிலடெல்பியாவிலும் செஸ்டரிலும் வறியவர்கள் வாழும் சந்துகளில், வீடு மாறி வீடு மாறி அவரது பிள்ளைப் பருவம் கழிந்தது. பசிக்காகத் திருடியதையும், பாலியல் தொழில் நடக்கும் தெருக்களில் எடுபிடி வேலை செய்ததையும் பிற்காலத்தில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளி ஒன்றில் கிடைத்த சிறிது கல்வியும் பரிவும் மட்டுமே அந்த ஆண்டுகளில் அவருக்கு வாய்த்த ஆறுதல். 13 ஆவது வயதில் திருமணம் செய்து வைக்கப்பட்டார். கணவரின் அடி உதையால் அந்த வாழ்க்கை விரைவிலேயே முறிந்தது.

விடுதியில் பணியாற்றிய காலத்தில், வேலை முடிந்த அறைகளில் கண்ணாடியின் முன் நின்று தனக்குத் தானே நடித்தும் பாடியும் பார்த்துக் கொள்வது அவரது வழக்கம். 17 ஆவது பிறந்த நாளன்று இரவு விடுதி ஒன்றில் நடந்த விருந்தில் அவர் இரண்டு பாடல்களைப் பாட, அங்கிருந்த சிறு நாடகக் குழுவினர் இருவர் அவரை பால்டிமோரில் உள்ள லிங்கன் அரங்கில் பாட அழைத்தனர். வாரம் 10 டாலர் ஊதியம். பார்வையாளர்கள் மேடையை நோக்கி வீசிய காசுகள் தனியே சேர்ந்தன. அவற்றைத் தம்மை அழைத்து வந்தவர்கள் மறைத்து வைத்துக் கொண்டதை அறிந்தபோது, கலைத் தொழிலின் கணக்குவழக்கு குறித்த முதல் பாடம் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் அவர் எவரையும் எளிதில் நம்பாதவர் என்று பெயரெடுத்ததற்கான விதை அங்கேயே விழுந்தது எனலாம்.

அக்காலத்தில் கறுப்பினக் கலைஞர்கள் கறுப்பினப் பார்வையாளர்களுக்காக நிகழ்ச்சி நடத்தும் அரங்குகளின் வலைப்பின்னல் ஒன்று தென் மாநிலங்கள் வரை பரந்திருந்தது. உயரமாகவும் மெலிந்தும் இருந்த எதெல், அவரைக் கொடியவரைக்காயுடன் ஒப்பிடும் செல்லப் பெயருடன் அந்த ஊர்களில் அறியப்பட்டார். அட்லாண்டாவில் அவர் பாடச் சென்றபோது அங்கு 'புளூஸ்' இசையின் பேரரசியாக விளங்கிய பெஸ்ஸி ஸ்மித்தும் பாடிக் கொண்டிருந்தார். தாம் பாடும் இடத்தில் வேறொருவர் புளூஸ் பாடக் கூடாது என்பது பெஸ்ஸியின் நிபந்தனை. இளையவரான எதெல் அதற்கு இணங்கி, மெல்லிசைப் பாடல்களையும் கதைப் பாடல்களையும் பாடினார். கட்டாயத்தின் பேரில் கைக்கொண்ட அந்தப் பாணி அவருக்குப் பின்னாளில் பெருமளவில் கைகொடுத்தது. பெஸ்ஸியின் குரல் அரங்கை அதிரச் செய்தது. எதெலின் குரலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. பாடலுக்குள் ஒரு கதாபாத்திரம் பேசுவதைப் பார்வையாளர் கேட்டனர்.

தென் மாநிலப் பயணங்கள் ஆபத்தானவையும் கூட. அலபாமாவில் நேர்ந்த கார் விபத்தில் அவரது கால் மோசமாகக் காயமடைந்தபோது, மருத்துவமனையில் அவர் நடத்தப்பட்ட விதம், கறுப்பின நோயாளியின் உயிருக்கு அன்று என்ன மதிப்பு இருந்தது என்பதை அவருக்குக் காட்டியது. ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், கும்பலால் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் குடும்பத்தினரின் துயரையும் அவர் அருகிலிருந்து கண்டிருந்தார். 'சப்பர் டைம்' பாடலைப் பாடிய ஒவ்வொரு இரவும் அந்தக் குடும்பமே தம் மனதில் நின்றதாகப் பின்னாளில் அவர் பதிவு செய்திருக்கிறார்.

கறுப்பு அன்னத்தின் இசைத்தட்டுகள்

1919 ஆம் ஆண்டளவில் எதெல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்து சேர்ந்தார். நிலத்தடி மதுவிடுதி ஒன்றில் விடிய விடியப் பாடினார். நடனக் கலைஞரான எதெல் வில்லியம்ஸுடன் அவர் அக்காலத்தில் இணைந்து வாழ்ந்தார் என்பதை அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். ஹார்லெமில் அவர்கள் இருவரையும் ஒன்றாகச் சேர்த்தே அழைப்பது வழக்கமாக இருந்தது.

1921 இல் ஹாரி பேஸ் என்ற கறுப்பினத் தொழில்முனைவர், கறுப்பினத்தவர் நடத்தும் இசைத்தட்டு நிறுவனமாக 'பிளாக் ஸ்வான்' என்பதைத் தொடங்கினார். கறுப்பு அன்னம் என்று பொருள்படும் இந்தப் பெயர், 19 ஆம் நூற்றாண்டில் அவ்வாறு புகழப்பட்ட பாடகி எலிசபெத் கிரீன்ஃபீல்டின் நினைவாகச் சூட்டப்பட்டது. கண்ணியமான இசையை வெளியிட வேண்டும் என்ற இலட்சியம் கொண்டிருந்த அந்த நிறுவனம், எதெலை எந்த வகைப் பாடலைப் பாட வைப்பது என்று தடுமாறியது. இறுதியில் ஜனரஞ்சகமான பாடல்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. இரண்டு பாடல்களுக்கு 100 டாலர் பேசப்பட்டது. 'டவுன் ஹோம் புளூஸ்', 'ஓ டாடி' ஆகிய இரண்டையும் கொண்ட இசைத்தட்டு பெருமளவில் விற்று, இலட்சியத்தின் சுமையால் தள்ளாடிய நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது.

அவருக்குப் பியானோ வாசித்தவர் பிளெட்சர் ஹெண்டர்சன். வேதியியல் பட்டதாரி. பிற்காலத்தில் ஜாஸ் இசைக்குழுக்களின் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்பட்டவர். ஆனால் அன்றைக்கு அவரது வாசிப்பில் தெருவின் துடிப்பு இல்லை என்பது எதெலின் குறை. ஜேம்ஸ் பி. ஜான்சன் பதிவு செய்த பியானோ சுருள்களைக் கேட்டுப் பழகும்படி அந்தப் பட்டதாரியை வற்புறுத்தினார், முறையான பள்ளிக் கல்வி பெறாத இந்தப் பாடகி. ஹெண்டர்சனும் கேட்டுக் கற்றார்.

பிளாக் ஸ்வான் நிறுவனத்துடன் எதெல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஓராண்டுக்குத் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. கலைஞர் குழுவுடன் தென் மாநிலங்களில் சுற்றுப்பயணம் சென்றபோது, 1922 இல் நியூ ஆர்லியன்ஸில் வானொலியிலும் பாடினார். பிளாக் ஸ்வான் நீடித்து நிலைக்கவில்லை. 1923 இறுதியில் அது நொடித்துப் போனது. எதெலின் குரலுக்கோ அதற்குள் வெள்ளையர் நிறுவனங்களிடமும் தேவை ஏற்பட்டிருந்தது. 1925 இல் கொலம்பியா நிறுவனத்திற்காக 'டைனா' பாடலைப் பதிவு செய்தார். 1927 இல் 'ஆப்பிரிக்கானா' என்ற நிகழ்ச்சி மூலம் பிராட்வேயில் நுழைந்தார். 1929 இல் வெளிவந்த 'ஆன் வித் த ஷோ' என்ற வண்ணப் பேசும் படத்தில் அவர் பாடிய 'ஆம் ஐ புளூ' நாடெங்கும் ஒலித்தது. தொண்டையில் ஏற்பட்ட பாதிப்புக்குச் சிகிச்சை பெற ஐரோப்பா சென்றவர், அப்படியே இலண்டன் பலேடியம் அரங்கிலும் பாடித் திரும்பினார்.

பெர்லின் எடுத்த முடிவு

ஹார்லெமின் காட்டன் கிளப் ஒரு விசித்திரமான இடம். கறுப்பினப் பகுதியின் நடுவே, கறுப்பினக் கலைஞர்கள் ஆடிப் பாட, வெள்ளையர் மட்டுமே அமர்ந்து கண்டுகளிக்கும் கேளிக்கை விடுதி அது. அங்கு 1933 வசந்த காலத்தில், டியூக் எலிங்டனின் இசைக்குழு பங்கேற்ற நிகழ்ச்சியில், ஹரால்ட் ஆர்லெனும் டெட் கோலரும் எழுதிய 'ஸ்டார்மி வெதர்' பாடலை எதெல் பாடினார். அவரது மணவாழ்க்கை மீண்டும் ஒருமுறை உடைந்து கொண்டிருந்த நேரம் அது. பிரிவின் துயரைப் புயல் மழையாகச் சித்திரிக்கும் அந்தப் பாடலில் தம் சொந்த நிலையையே அவர் கண்டார். பார்வையாளர்கள் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டனர். நியூயார்க்கின் பெரும் புள்ளிகள் அந்த ஒரு பாடலுக்காகவே ஹார்லெமுக்குப் படையெடுத்தனர். அவர்களில் ஒருவர் இர்விங் பெர்லின்.

பெர்லின் தமது புதிய நிகழ்ச்சியில் மரிலின் மில்லர், கிளிஃப்டன் வெப், ஹெலன் பிராடெரிக் ஆகிய வெள்ளை நட்சத்திரங்களுக்குச் சமமாக எதெலையும் ஒப்பந்தம் செய்தார். பிராட்வேயில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பங்கேற்கும் நிகழ்ச்சியொன்றில் கறுப்பினப் பெண் ஒருவரின் பெயர் நட்சத்திர வரிசையில் இடம்பெற்றது அதுவரை காணாத ஒன்று. ஆனால் பிலடெல்பியாவில் நடந்த முன்னோட்டக் காட்சிகளின் போது சிக்கல் எழுந்தது. முடிவில் திரை விழுந்ததும் எதெலுடன் ஒரே வரிசையில் நின்று வணங்க மற்ற நட்சத்திரங்கள் மறுத்தனர். அவர்களுடைய உணர்வை மதிப்பதாகவும், அப்படியானால் யாருமே வணங்க வேண்டியதில்லை என்றும் பெர்லின் முடிவெடுத்தார். மறுநாள் நால்வரும் சேர்ந்து நின்றனர்.

ஒரு கேளிக்கை நிகழ்ச்சியில் 'சப்பர் டைம்' பொருந்தாது, கனம் தாங்காமல் மாலைப் பொழுதே கெட்டுவிடும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதையும் பெர்லின் ஏற்கவில்லை. ரஷ்யப் பேரரசில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர் அவர் என்பதை இங்கு நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அமெரிக்காவில் 1933 ஆம் ஆண்டில் மட்டும் 20 க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் கும்பல்களால் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு இதற்கெதிராக நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா, தென் மாநில உறுப்பினர்களின் எதிர்ப்பால் நிறைவேறாமல் போனது. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது 2022 மார்ச் மாதத்தில்தான். 89 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிராட்வே பாடலின் கனம் இதிலிருந்து விளங்கும்.

அதே நிகழ்ச்சியில் 'ஹீட் வேவ்' என்ற துள்ளலான பாடலையும், பாரிசில் புகழ்பெற்று வாழ்ந்த ஒரு பாடகி ஹார்லெமை எண்ணி ஏங்குவதாக அமைந்த வேடிக்கைப் பாடலையும் எதெல் பாடினார். அவை இரண்டும் உடனுக்குடன் இசைத்தட்டாக வெளிவந்தன. 'சப்பர் டைம்' அவரது குரலில் பதிவானது பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

நிகழ்ச்சி 400 தடவை நடைபெற்றது. இதர இரவு விடுதி நிகழ்ச்சிகளும் வானொலியும் சேர, எதெல் பிராட்வேயில் மிக அதிக வருவாய் ஈட்டிய கலைஞர்களில் ஒருவரானார். பின்னர் அந்த நிகழ்ச்சி தென் மாநிலங்களுக்கும் சென்றது. மேடையில் நட்சத்திரமாக இருந்தவர், அந்த ஊர்களில் சக நடிகர்கள் தங்கிய விடுதிகளில் தங்க முடியாது என்பது வேறு கதை.

ஹேகர்

பாடகி என்ற முத்திரையுடன் அவர் நிறைவடையவில்லை. டுபோஸ் ஹேவர்ட், டோரதி ஹேவர்ட் தம்பதியர் எழுதிய 'மாம்பாஸ் டாட்டர்ஸ்' நாடகத்தின் நாயகி ஹேகர், உடல் வலிமை மிக்கவள், எழுத்தறிவில்லாதவள், தன் மகள் தன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே உழைத்துச் சாகத் துணிந்தவள். மகளின் வாழ்வைக் கெடுக்க வந்தவனைக் கொன்று தானும் மாய்ந்து போகிறாள். அந்தப் பாத்திரத்தைப் படித்த நாள் முதல் எதெலின் மனதில் இருந்தவர் அவரது தாய் லூயிஸ். தம்மை ஒருபோதும் மடியில் வைத்துக் கொஞ்சாத அந்தத் தாயின் மூடிய மனதுக்குள் என்ன இருந்திருக்கும் என்பதைத் தேடிச் செல்லும் வழியாகவே ஹேகரை அவர் கண்டார்.

1939 ஜனவரி 3 ஆம் தேதி எம்பயர் அரங்கில் நாடகம் அரங்கேறியது. முக்கியப் பாத்திரத்தில் ஒரு கறுப்பின நடிகையின் பெயரை முன்னிறுத்தி, ஒரு முழு நீள நாடகம் பிராட்வேயில் நடைபெற்றது அதுவே முதல் தடவை என்று பல வரலாற்றாளர்கள் கூறுகின்றனர். முடிவில் 17 தடவை திரை உயர்ந்தது. ஆனால் மறுநாள் நியூயார்க் டைம்ஸ் இதழின் செல்வாக்கு மிக்க விமர்சகர் புரூக்ஸ் அட்கின்சன், நாடகத்தையும் நாயகியையும் பாராட்டவில்லை. அவரது ஒரு சொல் நாடகங்களை மூடச் செய்துவிடும் காலம் அது.

அதன் பின்னர் நடந்தது நாடக உலகில் அரிதான ஒன்று. கார்ல் வான் வெக்டன், டலுலா பாங்கெட், பர்ஜஸ் மெரிடித் உள்ளிட்ட எழுத்தாளர்களும் நடிகர்களும் தங்கள் சொந்தப் பணத்தில் அதே நாளிதழில் விளம்பரம் ஒன்றை வெளியிட்டனர். எதெலின் நடிப்பு மாபெரும் அனுபவம் என்று தங்கள் பெயர்களை இட்டு அவர்கள் சாட்சியம் அளித்தனர். அட்கின்சன் மீண்டும் அரங்குக்குச் சென்று நாடகத்தைப் பார்த்தார். எதெலின் நடிப்பைப் பற்றிய தமது கருத்தை மாற்றிக் கொண்டு எழுதினார். விளம்பரத்தின் அழுத்தத்தால் மாறினாரா, உண்மையிலேயே மனம் மாறினாரா என்று கேட்பதற்கு இடமுண்டு. ஆனால் முதல் இரவில் அரங்கில் இருந்தவர்கள் கண்டதையே அவரும் இறுதியில் கண்டார்.

அதே ஆண்டு ஜூன் 14 ஆம் தேதி, என்பிசி நிறுவனம் நியூயார்க்கில் நடத்திய பரிசோதனைத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் எதெலின் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றது. இந்த நாடகத்தின் காட்சியொன்றும் அதில் நடித்துக் காட்டப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்களே மிகச் சிலராக இருந்த காலம் என்பதால் அதைப் பார்த்தவர்கள் சொற்பம்.

1940 இல் 'கேபின் இன் த ஸ்கை' இசை நாடகத்தில், சூதாடிக் கணவனின் ஆன்மாவுக்காக இறைவனுடன் போராடும் பெட்டூனியாவாக நடித்தார். 1943 இல் அதனை வின்சென்ட் மினெல்லி திரைப்படமாக்கியபோதும் அவரே பெட்டூனியா. படப்பிடிப்புத் தளத்தில் இளம் நடிகை லீனா ஹார்னுக்கும் அவருக்கும் இடையே மூண்ட பகை ஹாலிவுட் முழுவதும் பேசப்பட்டது. ஸ்டுடியோவில் இளையவருக்குக் கிடைத்த கவனிப்பு மூத்தவரைச் சினமூட்டியது என்பது உண்மை. அந்தச் சினம் கட்டுக்கடங்காமல் வெளிப்பட்டதும் உண்மை. விளைவு, ஆறு ஆண்டுகளுக்குத் திரைப்பட வாய்ப்பு எதுவும் அவரைத் தேடி வரவில்லை. மேடையிலும் வாய்ப்புகள் வற்றின. வரிப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. பிராட்வேயின் உச்சத்தில் இருந்தவர், சிறிய இரவு விடுதிகளில் கிடைத்த கூலிக்குப் பாடினார்.

1949 இல் வெளிவந்த 'பிங்கி' அவரை மீட்டது. முதலில் இயக்கத் தொடங்கிய ஜான் ஃபோர்டுக்கும் எதெலுக்கும் ஒத்துப் போகவில்லை. ஃபோர்டு விலக, எலியா கசான் பொறுப்பேற்றார். வெள்ளைத் தோற்றம் கொண்ட பேத்தியைத் தன் உழைப்பால் படிக்க வைத்த சலவைக்காரப் பாட்டியாக எதெல் நடித்தார். பேத்தியாக நடித்தவர் ஒரு வெள்ளை நடிகை. அன்றைய ஹாலிவுட் அதற்கு மேல் துணியவில்லை. துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்கு எதெல் பரிந்துரைக்கப்பட்டார். ஹாட்டி மெக்டேனியலுக்கு அடுத்து அந்தப் பரிந்துரையைப் பெற்ற இரண்டாவது கறுப்பினக் கலைஞர் அவர்.

பெரனிஸின் சமையலறை

கார்சன் மெக்கல்லர்ஸ் தமது நாவலை ஒட்டி எழுதிய 'த மெம்பர் ஆஃப் த வெடிங்' நாடகம் 1950 ஜனவரி 5 ஆம் தேதி, ஹேகர் உயிர்பெற்ற அதே எம்பயர் அரங்கில் தொடங்கியது. தென் மாநிலச் சிற்றூர் ஒன்றில் வெள்ளையர் வீட்டின் சமையலறைதான் களம். தாயை இழந்த 12 வயதுச் சிறுமி பிராங்கி, பக்கத்து வீட்டு ஏழு வயது ஜான் ஹென்றி, அவர்களைக் கவனித்துக் கொள்ளும் சமையற்காரி பெரனிஸ். தனிமையில் வாடும் இரு குழந்தைகளின் உலகம் முழுவதும் அந்தப் பெண்ணின் மேசையைச் சுற்றியே சுழல்கிறது.

இந்த வேடத்தை எதெல் முதலில் ஏற்கத் தயங்கினார். பெரனிஸ் இறைநம்பிக்கை அற்ற, கசந்து போன ஒருத்தியாகத் தமக்குத் தோன்றுவதாக அவர் கருதினார். பாத்திரத்தைத் தாம் உணர்ந்தவாறு நடிக்க இடம் தரப்பட்ட பின்னரே ஒப்புக்கொண்டார். பிரதியில் குறிக்கப்பட்டிருந்த தாலாட்டுக்குப் பதிலாக, தம் பாட்டி சாலியின் வாயிலிருந்து சிறு வயதில் கேட்ட, சிட்டுக்குருவியையும் காக்கும் இறைவனைப் பற்றிய கிறிஸ்தவப் பாடலைப் பாட விரும்பினார். அதற்கும் சம்மதம் கிடைத்தது. சமையலறையில் இரு குழந்தைகளையும் அணைத்துக் கொண்டு அவர் மெல்லிய குரலில் அதைப் பாடிய கட்டமே நாடகத்தின் உயிர்நாடி என்று பார்த்தவர்கள் எழுதினர்.

பிராங்கியாக நடித்த ஜூலி ஹாரிஸ் அப்போது 24 வயது இளம் நடிகை. ஜான் ஹென்றியாக நடித்த பிராண்டன் டிவைல்டு எட்டு வயதை எட்டாத சிறுவன். நாடகம் 501 தடவை நடைபெற்று, நியூயார்க் நாடக விமர்சகர்கள் வட்டத்தின் சிறந்த அமெரிக்க நாடகத்துக்கான விருதையும் பெற்றது. முதல் இரவு விருந்தில் ரூத் ஓர்கின் எடுத்த ஒளிப்படத்தில், களைத்துப் போன மெக்கல்லர்ஸ் எதெலின் மேல் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். அருகில் ஜூலி ஹாரிஸ். மேடையில் குழந்தைகளுக்குக் கிடைத்த மடி நாடகாசிரியருக்கும் கிடைத்தது போலத் தோன்றும் படம் அது.

வெள்ளையர் குழந்தைகளுக்காகத் தன்னைக் கரைத்துக் கொள்ளும் கறுப்பினச் செவிலித்தாய் என்பது அமெரிக்கப் புனைவுகளில் தேய்ந்து போன ஒரு வார்ப்பு. பெரனிஸ் அந்த வார்ப்பில் முழுமையாக அடங்குபவள் அல்ல. அவளுக்கு இறந்து போன கணவர்களின் நினைவுகளும், நிறவெறிக்கு இரையாகும் வளர்ப்புத் தம்பி ஹனியைப் பற்றிய பதைப்பும் உண்டு. நாடகம் முடியும்போது தம்பியையும் ஜான் ஹென்றியையும் இழந்து, வேலையும் போய், காலியான சமையலறையில் தனித்து அமர்ந்திருப்பவள் அவளே. வெள்ளைச் சிறுமிக்கு எதிர்காலம் திறக்கிறது. அவளை வளர்த்தவளுக்கு என்ன மிஞ்சியது என்ற கேள்வியை எதெல் ஒரு சொல்லும் பேசாமல் அந்த நாற்காலியிலிருந்து எழுப்பினார்.

இதே காலத்தில் தொலைக்காட்சி அவரைப் பயன்படுத்திய விதத்துடன் இதை ஒப்பிட வேண்டும். 1950 அக்டோபரில் ஏபிசி தொடங்கிய 'பியூலா' தொடரில், வெள்ளைக் குடும்பம் ஒன்றின் சிக்கல்களை எல்லாம் சிரித்த முகத்துடன் தீர்த்து வைக்கும் வேலைக்காரி அவர். கறுப்பினப் பெண்ணை நாயகியாகக் கொண்ட முதல் தேசியத் தொலைக்காட்சித் தொடர் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் பியூலாவுக்கு என்று தனியான துயரமோ கடந்த காலமோ கிடையாது. கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அந்தத் தொடரைக் கண்டித்தது. எதெலும் சலித்துப் போய் விலகினார்.

1951 இல் வெளிவந்த அவரது தன்வரலாறு நாடெங்கும் விற்பனையில் முன்னணி வகித்தது. தாயின் துயரில் தொடங்கி எதையும் மறைக்காமல் எழுதப்பட்ட அந்த நூல், ஒரு நட்சத்திரத்திடமிருந்து அக்கால வாசகர்கள் எதிர்பார்த்த ஒன்றல்ல. 1952 இல் பிரெட் சின்னமன் இயக்கத்தில் 'த மெம்பர் ஆஃப் த வெடிங்' திரைப்படமானபோது மூன்று முதன்மை நடிகர்களும் தத்தம் வேடங்களிலேயே தோன்றினர். 1959 இல் ஃபாக்னரின் நாவலைத் தழுவிய 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' படத்தில் டில்சியாக நடித்தார். மீண்டும் ஒரு வேலைக்காரி.

மாடிசன் சதுக்கத்தின் பாடற்குழு

1957 இல் சமய போதகர் பில்லி கிரகாம் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் மாதக்கணக்கில் பெருங்கூட்டங்களை நடத்தினார். வரிக்கடனாலும் உடல் பருமனாலும் நோயாலும் சோர்ந்திருந்த எதெல் அங்கு ஓர் இரவு பார்வையாளராகச் சென்றார். பிறகு ஆயிரக்கணக்கானோர் கொண்ட பாடற்குழுவில் ஒருவராகச் சேர்ந்து, பெயர் தெரியாத குரல்களுக்கு நடுவே நின்று பாடினார். அடுத்த இரு தசாப்தங்களாக அந்தக் கூட்டங்களே அவரது முதன்மை மேடையாயின. இரவு விடுதிப் பாடல்களை அவர் கைவிட்டார்.

தென் மாநிலங்களில் மாணவர்கள் உணவகங்களில் மறியல் செய்து சிறை சென்ற ஆண்டுகளும் அவையே. குடியுரிமை இயக்கத்தின் முன்வரிசையில் எதெல் காணப்படவில்லை. இளந்தலைமுறையினரில் பலருக்கு அவர், பணிப்பெண் வேடமும் பக்திப் பாடலும் கொண்ட பழைய காலத்தின் உருவமாகவே தோன்றினார். அந்தக் கணிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1933 இல் வெள்ளையர் நிறைந்த அரங்கில், கும்பல் கொலையைப் பற்றி இரவுக்கு இரவு பாடியவர் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

இடையில் ஒருமுறை, 1961 இல் 'ரூட் 66' தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில், மரணப் படுக்கையில் தன் பழைய இசைக்குழுவினரைக் காண ஏங்கும் புளூஸ் பாடகியாக நடித்தார். எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பின நடிகையானார். வெகுகாலத்திற்குப் பின் அவருக்குக் கிடைத்த, வேலைக்காரியல்லாத ஒரு வேடம் அது.

எதெல் வாட்டர்ஸ் 1977 செப்டம்பர் 1 ஆம் தேதி கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் 80 ஆவது வயதில் காலமானார். 1994 இல் அமெரிக்க அஞ்சல் துறை அவரது உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. 2011 இல் டொனால்ட் போகிள் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு, அவரது புகழையும் கோபங்களையும் ஒருசேர ஆராய்ந்தது. ஹேகரின் மேடை நடிப்பு அதைக் கண்டவர்களின் எழுத்துகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பெரனிஸ் 1952 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இருக்கிறாள்: இரு குழந்தைகள் மீதும் கைபோட்டு, தாழ்ந்த குரலில் பாட்டியின் பாடலைப் பாடியபடி.